பெர்செப்ட்ரானைத் தந்த உளவியல்காரர்: ஃபிராங்க் ரோசன்பிளாட்



மெஷின் லேர்னிங் பாடத்தில் இரண்டு யூனிட் தாண்டிய யாருக்கும் பெர்செப்ட்ரான் என்ற பெயர் தெரியாமல் இருக்காது. இன்புட்டை எடையால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, வரம்பைத் தாண்டினால் 1, தாண்டாவிட்டால் 0. விடை தப்பாக வந்தால் எடைகளைக் கொஞ்சம் மாற்று. பைத்தானில் பத்து வரிதான். ரெக்கார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அத்தோடு மறந்துவிடுகிறோம். வைவாவில் யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் ரோசன்பிளாட், 1958 என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் இல்லை. எலக்ட்ரானிக்ஸும் இல்லை. அவர் படித்தது உளவியல். புத்திசாலி மெஷின் செய்து காட்ட வேண்டும் என்பதும் அவருடைய முதல் ஆசை கிடையாது. மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ளக் கிளம்பினார். போகிற வழியில் ஒரு மெஷின் செய்தார். உலகம் மெஷினை எடுத்துக்கொண்டு கேள்வியை அங்கேயே விட்டுவிட்டது. இன்று பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் அந்தக் கேள்வியிடம் திரும்பி வந்து நிற்கின்றன. அதனால்தான் இந்த இதழில் இவர் கதை.

படிப்பு

1928 ஜூலை 11. நியூயார்க் மாநிலத்தில் நியூ ரோஷெல் என்ற ஊரில் பிறந்தார். பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1946-ல் வெளியே வந்தார். அதே பள்ளியில் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு பையனும் படித்தான். பெயர் மார்வின் மின்ஸ்கி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் பின்பாதியில் வருவார்.

ரோசன்பிளாட் சேர்ந்தது கார்னெல் பல்கலைக்கழகம். 1950-ல் இளநிலைப் பட்டம், 1956-ல் உளவியலில் முனைவர் பட்டம். உளவியல்தானே, கேள்வித்தாள் கொடுத்து பதில் வாங்கி எழுதியிருப்பார் என்று நினைப்பீர்கள். கேள்வித்தாள் கொடுத்தது உண்மைதான். வந்து குவிந்த பதில்களைக் கையால் கணக்குப் போட முடியாது என்று தெரிந்ததும், அந்த ஆய்வுக்கென்றே ஒரு கணக்குப் பொறியைத் தானே வடிவமைத்தார். ஈபேக் என்று அதற்குப் பெயர். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமா, அதற்கு ஒரு பொருளைச் செய்து பார் என்ற குணம் அவருக்கு அப்போதே இருந்தது.

இரண்டு பாதிகள்

பெர்செப்ட்ரான் வெறும் வானத்திலிருந்து குதித்ததில்லை. அதற்கு முன்னால் இரண்டு பாதி யோசனைகள் இருந்தன.

முதல் பாதி 1943-ல் வந்தது. வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்ற இருவர் நியூரானை ஒரு லாஜிக் கேட் மாதிரி எழுதிக் காட்டினார்கள். போதுமான தூண்டல் வந்தால் சுடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். இப்படிப்பட்ட நியூரான்களைக் கோத்தால் ஆண்ட், ஆர், நாட் எல்லாம் செய்யலாம். ஆனால் அந்த வலை எதையும் கற்றுக்கொள்ளாது. யாராவது உட்கார்ந்து கோத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இரண்டாம் பாதி 1949-ல் வந்தது. கனடாவின் டொனால்ட் ஹெப் எழுதிய நூலின் மையக் கருத்து எளிமையானது: ஒரு நியூரான் இன்னொன்றைச் சுட வைப்பதில் திரும்பத் திரும்பப் பங்கெடுத்தால், அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு வலுக்கும். கற்றல் என்பது இணைப்பின் பலத்தில் நடக்கும் மாற்றம். இங்கே கற்றல் இருக்கிறது, ஆனால் ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை. விடை தப்பானால் என்ன செய்வது என்பதும் இல்லை.

பஃபலோ நகரில் இருந்த கார்னெல் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ரோசன்பிளாட் இந்த இரண்டு பாதிகளையும் ஒட்டினார். கூடவே சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார். மூளையின் கோடிக்கணக்கான இணைப்புகள் ஒவ்வொன்றும் பிறக்கும்போதே துல்லியமாக வரையப்பட்டிருக்க முடியாது என்பது அவர் எண்ணம். தொடக்கத்தில் வயரிங் பெரும்பாலும் குருட்டாம்போக்கில்தான் இருக்கும். அனுபவம்தான் அதை உருப்படியாக்கும். ஆகவே லாஜிக்கை வைத்துப் பேசாமல் நிகழ்தகவை வைத்துப் பேசினார். 1957 ஜனவரியில் முதல் அறிக்கை. அடுத்த ஆண்டு உளவியல் ஆய்விதழ் ஒன்றில் முழுக் கட்டுரை. கவனியுங்கள், அது வெளிவந்தது உளவியல் இதழில். தலைப்பிலேயே மூளை இருந்தது.

ஒரு மோட்டார், ஒரு எடை

1958 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகம் வாஷிங்டனில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டது. வானிலைத் துறையின் ஐபிஎம் 704 கணினியில் பெர்செப்ட்ரானை ஓட்டிக் காட்டினார்கள். 20 லட்சம் டாலர் பெறுமான அந்த இயந்திரம், இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்ட அட்டை எது என்று 50 முயற்சிகளுக்குப் பிறகு கற்றுக்கொண்டது. இன்று நம் கால்குலேட்டரே செய்யும் வேலை. ஆனால் யாரும் விதியை எழுதிக் கொடுக்காமல், உதாரணங்களைப் பார்த்தே ஒரு இயந்திரம் பிரித்தறிந்தது அன்றைக்கு அதிசயம்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்ததோ வேறு. இது நடக்குமாம், பேசுமாம், எழுதுமாம், தன்னைப் போல் இன்னொன்றைப் பெற்றெடுக்குமாம், தான் இருப்பதே அதற்குத் தெரியவருமாம்! இடது வலது கற்ற இயந்திரத்தின் மேல் இவ்வளவு சுமை. அப்போது கிளம்பிய எதிர்பார்ப்பு பின்னாளில் வட்டியோடு திரும்பி வந்தது.

1960 ஜூனில் நிஜமான இயந்திரமே தயாராகிவிட்டது: மார்க் 1 பெர்செப்ட்ரான். நம்மில் ஹார்டுவேர் பிடித்தவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குப் பதிலாக 20-க்கு 20 என்று அடுக்கிய 400 ஒளி உணரிகள். நடுவில் 512 இணைப்பு அலகுகள். முடிவு சொல்ல 8 அலகுகள். கண்ணுக்கும் நடு அடுக்குக்கும் இடையே ஒரு பெரிய ப்ளக் போர்டு. அதில் வயர்களைக் குருட்டாம்போக்கில் செருகினார்கள், மூளையில் அப்படித்தான் இருக்கும் என்ற கொள்கைப்படி. எடை என்று நாம் ஒரு மாறியில் போட்டு வைக்கிறோமே, அது அங்கே பொட்டன்ஷியோமீட்டர். விடை தப்பானால் ஒரு மின் மோட்டார் சுழன்று அந்தக் குமிழைத் திருப்பும். நாம் ஒரு வரி கோடில் எழுதும் எடைத் திருத்தம், அங்கே ஒரு மோட்டாரின் சுழற்சி. அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கற்றல் விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. சொல்ல வேண்டிய விடை 1, பெர்செப்ட்ரான் சொன்னது 0. அப்படியானால் அந்த நேரத்தில் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்த இணைப்புகளின் எடையைக் கூட்டு. மாறி நடந்தால் குறை. சரியாகச் சொன்னால் தொடாதே. ஒரு இணைப்பு மாறுவதற்கு அதற்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: தன் வழியாக சிக்னல் போனதா, கடைசியில் விடை தப்பா சரியா. பக்கத்து இணைப்பு என்ன செய்தது என்ற கவலை அதற்கு இல்லை. இந்த உள்ளூர்த் தன்மைதான் மூளையிடமிருந்து வந்தது. ஒரு சினாப்ஸுக்கும் தன் அக்கம்பக்கம் தவிர வேறு எதுவும் தெரியாது.

இதற்கு ஒரு தேற்றமும் உண்டு. இரண்டு வகைப் புள்ளிகளையும் பிரிக்கும் ஒரு நேர்கோடு இருக்கிறது என்றால், பெர்செப்ட்ரான் எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் அப்படி ஒரு கோட்டைக் கண்டுபிடித்தே தீரும். இயந்திரம் கற்கும் என்பதற்குக் கணிதமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

மாடிப்படி லைட்டும் சிக்கு கோலமும்

கோடு இருந்தால் சரி. இல்லாவிட்டால்?

முதல் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் மாடிப்படி வயரிங் செய்திருப்பீர்கள். கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மேலே ஒன்று. இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் லைட் அணையும், வேறு வேறு நிலையில் இருந்தால் எரியும். இதுதான் எக்ஸ்-ஆர். நான்கு நிலைகளையும் தாளில் நான்கு புள்ளிகளாக வைத்து, எரிவதையும் அணைவதையும் ஒரே நேர்கோட்டால் பிரித்துப் பாருங்க. முடியாது. இன்புட்டை நேராக எடையோடு இணைக்கும் பெர்செப்ட்ரான் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் மாடிப்படி லைட்டைக் கற்றுக்கொள்ளாது.

நடுவில் ஒரு அடுக்கு வைத்தால் முடியும். மார்க் 1-ல் நடு அடுக்கு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, ஆனால் அதன் வயரிங் குருட்டாம்போக்கில் போட்டது, போட்டபடியே இருந்தது. கடைசி அடுக்கு மட்டும்தான் கற்றது. நடு அடுக்கில் அதிர்ஷ்டவசமாக வேண்டிய சேர்க்கை அமைந்திருந்தால் வேலை நடக்கும். கணக்கு பெரிதாகப் பெரிதாக அந்த அதிர்ஷ்டத்துக்கு வேண்டிய அலகுகளின் எண்ணிக்கை எகிறிவிடும். அப்படியானால் நடு அடுக்கையும் கற்க வைக்க வேண்டும். எப்படி? கடைசியில் விடை தப்பு என்று தெரிகிறது. நடுவில் இருக்கும் 512 பேரில் யார் மேல் குற்றம்? உண்மையான சிக்கல் இதுதான்.

இதெல்லாம் ரோசன்பிளாட்டுக்குத் தெரியாதது இல்லை. 1962-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் பல அடுக்கு வலைகள், குறுக்கே இணைந்த வலைகள், பின்னோக்கி இணைந்த வலைகள் எல்லாவற்றையும் ஆராய்ந்திருக்கிறார். தன் வகை இயந்திரங்களால் எது முடியவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறார். தன் நோக்கம் சாதனம் செய்வது இல்லை, இயற்கை அறிவுக்கு அடியில் உள்ள விதிகளைத் தேடுவதுதான் என்று அதில் தெளிவாகவும் சொல்லியிருக்கிறார். இன்னொரு ஆச்சரியம்: பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கி அனுப்பித் திருத்தும் முறை என்ற யோசனையும் பெயரும் அந்த நூலிலேயே வந்துவிட்டன.

அப்புறம் ஏன் நடக்கவில்லை? அவருடைய நியூரான் 0 அல்லது 1 என்று மட்டும் பேசும். செமஸ்டர் ரிசல்ட்டில் ஆர்ஏ என்று மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க்கில் போச்சா, முப்பது மார்க்கில் போச்சா என்று தெரியாமல் எவ்வளவு கூடுதலாகப் படிக்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? 0, 1 நியூரானிடமும் அதே கதைதான். எடையைச் சற்றே அசைத்தால் விடை எவ்வளவு அசையும் என்ற சரிவு அதில் கிடைப்பதில்லை. சரிவு இல்லாமல் பிழையைப் பங்குபோட முடியாது. அவர் ஊகத்தையும் தற்செயலையும் வைத்துப் பங்குபோட முயன்றார். பெரிதாக உதவவில்லை.

அறுபதுகளில் இதாகாவில் உள்ள கார்னெல் வளாகத்தில் அவர் குழு டோபர்மரி என்ற பேச்சு அறியும் இயந்திரத்தைக் கட்டியது. பேசக் கற்ற ஒரு கதைப் பூனையின் பெயர் அது. எடைகளுக்குக் காந்த வளையங்கள், மொத்தம் சுமார் 12,000. கட்டி முடிக்க ஆண்டுகள் ஆயின. முடிப்பதற்குள் சாதாரண டிஜிட்டல் கணினிகள் வேகம் பிடித்துவிட்டன. இயந்திரம் கட்டுவதைவிட அதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதே சுலபம் என்றாகிவிட்டது.

1969-ல் பள்ளிக்கால ஆள் திரும்ப வருகிறார். மார்வின் மின்ஸ்கி, சீமோர் பேப்பர்ட் இருவரும் பெர்செப்ட்ரான்கள் என்றே தலைப்பு வைத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் ஒரு கணக்கு நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சிக்கு கோலம் ஒன்றைப் பார்த்து, அது ஒரே இழையா, இரண்டு இழையா என்று சொல்லுங்கள். ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? விரலை வைத்து இழையோடு போனால்தான் தெரியும். ஒவ்வொரு அலகும் படத்தின் சிறு பகுதியை மட்டும் பார்க்கும் பெர்செப்ட்ரான், ஒரு உருவம் ஒட்டியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது என அவர்கள் நிறுவினார்கள். கணிதத்தில் குறை கிடையாது. ஆனால் பல அடுக்கு வைத்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது என்று அவர்கள் சொன்னது நிறுவப்பட்ட முடிவு இல்லை, அவர்கள் கணிப்புதான். படித்தவர்கள் பலர் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். செய்தித்தாள் வாக்குறுதிகள் நிறைவேறவில்லை, கணினிகள் சின்னவை, நிதி கொடுப்பவர்களின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியது. எல்லாம் சேர்ந்து நியூரல் வலை ஆராய்ச்சி பல ஆண்டுகள் வாடிப்போனது.

எலிகள், விண்மீன்கள், ஒரு படகு

ரோசன்பிளாட் என்ன செய்தார்? மெஷின் பக்கம் கதவு சாத்தப்படுவதற்கு முன்பே அவர் நிஜ மூளைக்குப் போய்விட்டிருந்தார். 1966-ல் கார்னெலின் உயிரியல் பிரிவில், நரம்பியலும் நடத்தையும் சார்ந்த துறையில் இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

அப்போது ஒரு பரபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கற்றுக்கொண்ட விலங்கின் மூளைச் சாற்றைக் கற்காத விலங்குக்குச் செலுத்தினால் அந்தக் கற்றலும் போய்ச்சேரும் என்று சிலர் அறிவித்திருந்தார்கள். அது உண்மையானால் நினைவு இணைப்பில் இல்லை, வேதிப்பொருளில் இருக்கிறது என்றாகும். பெர்செப்ட்ரானின் அஸ்திவாரமே ஆடும். இவர் அதை அலட்சியப்படுத்தவில்லை. எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். கடைசியில், முதலில் அறிவிக்கப்பட்ட பெரிய விளைவுகள் தவறு, அப்படி ஏதாவது மாறிச்சென்றாலும் அது மிக மிகச் சிறியது என்று காட்டினார். தன் கொள்கைக்கு எதிராக வந்த கருத்தையும் மெனக்கெட்டுச் சோதித்துவிட்டுத்தான் ஒதுக்கினார். ப்ராஜெக்ட் செய்யும்போது நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய குணம் இது.

வீடு இதாகாவுக்குப் பக்கத்தில் ப்ரூக்டன்டேல் என்ற சிற்றூரில். வீட்டுக்குப் பின்னால் குன்றின் மேல் ஒரு வானாய்வுக் கூடம் கட்டி, 12 அங்குலத் தொலைநோக்கி வைத்தார். வேறு விண்மீன்களைச் சுற்றும் கிரகங்களைக் கண்டுபிடிக்க ஒரு முறையை 1971-ல் ஆய்விதழில் முன்வைத்தார்: கிரகம் தன் விண்மீனின் குறுக்கே போகும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது, நிறம் எப்படிச் சற்று மாறுகிறது என்று இரண்டு நிறங்களில் அளப்பது. அப்போது சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கிரகம்கூடக் கண்டறியப்படவில்லை. 2009-ல் விண்ணுக்குப் போன கெப்ளர் தொலைநோக்கி, குறுக்கே போகும் கிரகத்தால் ஒளி மங்குவதை அளந்தே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிரகங்களைக் கண்டது. அரசியலிலும் சும்மா இல்லை. 1968-ல் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற வேட்பாளர் யூஜின் மெக்கார்த்திக்காகத் தேர்தல் வேலை பார்த்தார்.

1971 ஜூலை 11. அவருடைய 43-ஆவது பிறந்தநாள். செசபீக் விரிகுடாவில் படகில் போனபோது விபத்தில் இறந்தார். பெர்செப்ட்ரானின் பெயர் ஏறக்குறைய கேலிக்குரியதாக இருந்த காலம் அது. மின்ஸ்கி, பேப்பர்ட் நூலின் பிந்தைய பதிப்பு ஒன்று ரோசன்பிளாட்டின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

அவர் விட்டுப்போன கேள்வி

அவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்து, 1986-ல், ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை பேக்-ப்ராபகேஷனைப் பரவலாக்கியது. 0, 1 என்று குதிக்கும் நியூரானுக்குப் பதிலாக வழுவழுப்பாக ஏறும் வளைவு. சரிவு கிடைத்துவிட்டது. சங்கிலி விதியைப் போட்டால் பிழையில் யார் பங்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு வந்துவிடும். மாடிப்படி லைட் சில நொடி வேலை. இன்று நாம் பயன்படுத்தும் பெரிய மொழி மாதிரிகள்வரை பயிற்சி இந்த வழியில்தான் நடக்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ரோசன்பிளாட்டின் சிக்கல் தீர்ந்தது. ஆனால் மூளையை விட்டு விலகித்தான் தீர்ந்தது. பேக்-ப்ராபகேஷனில் பிழை திரும்பி வரும்போது, முன்னோக்கிப் போன அதே எடைகளின் வழியாக வர வேண்டும். நியூரானில் சிக்னல் ஒரு திசையில்தான் போகும். திரும்பி வர வேறு வழி இருந்தாலும் அதன் எடைகள் முன்வழியின் எடைகளோடு அச்சு அசலாகப் பொருந்தும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. சினாப்ஸுக்கு உள்ளூர்ச் செய்தி மட்டும்தான் தெரியும் என்ற பழைய நிபந்தனை உடைந்துவிட்டது.

உடைந்தால் என்ன, வேலைதான் நடக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூளையைப் போல இருப்பதற்காகவே எதையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் மூளை மூன்று இடத்தில் நம் வலைகளை இன்னும் தோற்கடிக்கிறது. அந்த மூன்றிலும் மூளையைக் கேட்பதில் லாபம் உண்டு.

முதலாவது, மறதி. ஒரு வலைக்கு முதலில் ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து, பிறகு இன்னொன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். முதலாவது அழிந்துபோகும். நாம் சைக்கிளுக்குப் பிறகு பைக் கற்றோம், சைக்கிள் மறந்துபோகவில்லை. 1994-ல் ஓர் ஆய்வு: எலிகள் நடமாடியபோது ஹிப்போகேம்பஸில் சேர்ந்து சுட்ட நியூரான்கள், பிறகு தூங்கும்போதும் சேர்ந்தே சுட்டன. மூளை படித்ததைத் தூக்கத்தில் ரிவிஷன் செய்கிறது! 2015-ல் அட்டாரி விளையாட்டுகளைக் கற்ற டீப்மைண்ட் வலையில், பழைய அனுபவங்களைச் சேமித்து நடுநடுவே கலந்து மீண்டும் காட்டும் முறை இருந்தது. இதே யோசனைதான். 2017-ல் இன்னொன்று: பழைய வேலைக்கு எந்த எடைகள் முக்கியமோ அவற்றை எளிதில் நகராதபடி இறுக்கி வைத்துவிட்டுப் புதியதைக் கற்பது. சினாப்ஸ்கள் உறுதிப்படுவதைப் பார்த்து எடுத்தது.

இரண்டாவது, பிழையைப் பங்குபோடுவது. 2016-ல் லில்லிகிராப் குழுவினர் ஒரு வேடிக்கையைக் காட்டினார்கள். பிழையைத் திருப்பி அனுப்ப முன்வழி எடைகள் வேண்டாம். குருட்டாம்போக்கில் எடுத்த, மாறாத எடைகள் போதும். முன்வழி எடைகள் தாமே அதற்கு ஏற்ப ஒத்துப்போகக் கற்றுக்கொள்கின்றன. மார்க் 1-ன் ப்ளக் போர்டு ஞாபகம் வருகிறதா? பெரிய படத்தொகுப்புகளில் இந்த முறை பேக்-ப்ராபகேஷனைவிடப் பின்தங்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூளையில் டோபமைன் வேறு இருக்கிறது. எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் கூடும், மோசமானால் குறையும். பேக்-ப்ராபகேஷன் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போடுவது மாதிரி. டோபமைன் காலேஜ் மைக்கில் ஒரே அறிவிப்புச் செய்வது மாதிரி. யார் சற்று முன் ஏதாவது செய்தார்களோ அவர்கள் தமக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். செலவு மிகக் குறைவு, துல்லியமும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய தேடல்.

மூன்றாவது, மின்சாரம். நம் தலைக்குள் சுமார் 8,600 கோடி நியூரான்கள். செலவு சுமார் 20 வாட். பெரிய மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆயிரக்கணக்கான ஜிபியுக்கள் வாரக்கணக்கில் ஓடுகின்றன. நிஜ நியூரான் தேவைப்படும்போது மட்டும் ஒரு துடிப்பு விடும், மற்ற நேரம் அமைதி. 1990-களின் பின்பாதியில் நடந்த சோதனைகள் ஹெப்பின் கருத்தை இன்னும் கூர்மையாக்கின: அனுப்பும் நியூரான் சில மில்லிநொடி முன்னால் சுட்டால் இணைப்பு வலுக்கும், பின்னால் சுட்டால் நலியும். யார் முந்தினார் என்பதே பாடம். 2017-ல் இன்டெல் அறிவித்த லோயிஹி சிப், துடிப்புகளில் பேசி, இப்படிப்பட்ட உள்ளூர் விதிகளால் சிப்புக்குள்ளேயே கற்கும்படி செய்யப்பட்டது. பெரிய வேலைகளில் இந்த வழி இன்னும் பேக்-ப்ராபகேஷனைப் பிடிக்கவில்லை. ஆனால் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவியில், தரவை வெளியே அனுப்பாமல் அங்கேயே கற்க வேண்டும் என்றால் உள்ளூர் விதி மாதிரி பொருத்தமானது வேறு இல்லை.

மூன்றிலும் ஒரு பொதுவான விஷயத்தைப் பார்த்தீர்களா? மூளையின் உருவத்தைக் காப்பியடித்ததால் பலன் வரவில்லை. மூளை எந்தச் சிக்கலை எந்த விதியால் சமாளிக்கிறது என்று கேட்டதால் வந்தது. ரோசன்பிளாட் கேட்டதும் அதைத்தான். அவருடைய விடையில் ஒரு அடுக்கு குறைந்தது. கேள்வியில் குறை இல்லை. விடை தோற்றதும் கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போட்டது மற்றவர்கள் செய்த வேலை.

இப்போது அவர் பெயரில் ஐட்ரிபிள்ஈ அமைப்பு ஒரு விருது கொடுக்கிறது. நமக்கு விருதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது: லேப். அடுத்த முறை பெர்செப்ட்ரான் ப்ரோகிராமை ஓட்டும்போது, ஆண்ட் கேட் டேட்டாவை எடுத்துவிட்டு மாடிப்படி லைட் டேட்டாவைப் போடுங்கள். எடைகள் அலைபாய்ந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. பிறகு நடுவில் மூன்றோ நான்கோ நியூரான்கள் வைத்து, பேக்-ப்ராபகேஷன் இல்லாமல், ஒவ்வொரு எடைக்கும் தன் இரு முனைகளும் ஒரு பொது அறிவிப்பும் மட்டும் தெரியும் என்ற நிபந்தனையோடு அதைக் கற்க வைக்க முடிகிறதா பாருங்கள். நான்கே வரி டேட்டாதான், லேப்டாப்பே போதும். முடிந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். முடியாதவர்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். ரோசன்பிளாட் மாட்டிக்கொண்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் அது இருக்கும்.